பீரங்கியின் வாயில் செவ்வந்தி

ஜூலியானாவின் கை முழங்கை வரை பீரங்கிக்குள் போயிருந்தது. கையை இழுத்தபோது செவ்வந்திப் பூக்களும் கூடவே வந்து விழுந்தன. மகன் டெஸ்மண்ட் பொறுக்கிக் கொடுத்தான். அவனால் செய்ய முடிந்தது அதுதான்.

"சீக்கிரம் வைங்கம்மா. அண்ணி காத்துக்கிட்டு இருக்காங்க."

"இருக்கட்டும்."

பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணன் டேரனின் மூச்சை மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தது. பாலத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவன். மூளை செத்துவிட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் காலையில் சொன்னார். குடும்பம் சம்மதித்தால் மெஷினை நிறுத்திவிடலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் போயிட்டு வர்ற வரைக்கும் அவனை யாரும் தொடக் கூடாது."

டெஸ்மண்ட் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்தான். எங்கே என்று கேட்டான். கோட்டைக்கு என்றாள். காரை எடுத்தான்.

அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லை. பிள்ளை வேண்டும் பெண்கள் கோட்டையிலிருக்கும் இந்தப் பழைய பீரங்கியின் வாயில் பூ வைப்பார்கள். யாருக்கும் சொல்லாமல் அவளும் வைத்தாள். டேரன் பிறந்தான். பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுவதாக வேண்டுதல் வைத்திருந்தாள். டெஸ்மண்டின் அப்பா விடவில்லை. ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளையைப் பீரங்கிக்குக் காட்டுவதா என்று கத்தினார்.

"காட்டாம விட்டுட்டேன்டா."

"அம்மா, இது இரும்பு. இதுக்கு என்னா தெரியும்?"

"வெண்கலம், தம்பி," என்றார் கமாலுதீன். கோட்டையின் காவலாளி. வாசலிலிருந்தே பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"அப்ப என்னையும் இதுதான் குடுத்துச்சா?"

"நீ கேக்காம வந்தவன்லா."

கமாலுதீன் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"பூவை எடுத்துருவீங்களா, பாய்?"

"சாயந்தரம் கூட்ட வர்றவங்க எடுத்துருவாங்க, அக்கா."

"சாயந்தரம் வரைக்கும் இருக்கும்ல?"

"இருக்கும்."

அவள் பீரங்கிக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள். வெயில் நேராக அடித்தது.

"இந்தக் கோட்டைய யாரு கட்டுனா, பாய்?"

இத்தனை வருஷம் குடியிருக்கும் ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ்ஸில் இந்தப் பக்கம் வந்து போனவள். ஒருநாளும் கேட்டதில்லை.

"மொதல்ல வெள்ளைக்காரக் கம்பெனிக்காரன் நிபோங் பனைய வெட்டி நட்டு வேலி போட்டான். சுத்திக் காடு. மிளகு வியாபாரத்துக்கு ஒரு காவல் வேணும்ல. அப்புறம்தான் செங்கல். இந்தியாவுலேர்ந்து கொண்டாந்த கைதிங்க கட்டுனது. நம்ம ஆளுங்கதான்."

"சண்டை நடந்துச்சா?"

"ஒன்னும் நடக்கல. பீரங்கிய வச்சுக்கிட்டுக் கடலைப் பாத்துக்கிட்டே இருந்தான். ஒருத்தனும் வரல."

"எத்தனை வருஷம்?"

"கடைசி வரைக்கும்."

அவள் அடுத்த கேள்வியை யோசித்தாள். டெஸ்மண்டுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் இங்கே உட்கார்ந்திருக்கும் வரை அங்கே மெஷின் ஓடும்.

"கெளம்புங்கம்மா. இப்படியே உக்காந்தா ஆச்சா?"

"கத்தாத. அவரு சொல்லட்டும்."

கைப்பேசி அதிர்ந்தது. டெஸ்மண்ட் மதிலோரம் நடந்தான். டேரனின் மனைவி நிக்கோல்.

"டெஸ், நாங்க தொடவே இல்ல. மெஷின் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. ஹார்ட் தானா நின்னுருச்சு." பிறகு வெறும் அழுகை. அதற்குப் பிறகு, "அம்மாகிட்ட நீதான் சொல்லணும்."

மதிலுக்கு அப்பால் கடல் அசையாமல் கிடந்தது. அவன் திரும்பி வந்தான்.

"யாரு?" அவன் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஃபேக்டரி. இன்னைக்கி வேலைக்கு வருவியான்னு கேக்குறாங்க."

"என்னா சொன்ன?"

"லீவுன்னு சொன்னேன்."

ஜூலியானா கல்லிலிருந்து எழுந்தாள். சட்டையில் ஒட்டியிருந்த இதழ்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

"வேற பீரங்கி இருக்கா, பாய்?"

"அந்தப் பக்கம் வரிசையா இருக்கு, அக்கா."

"எல்லாத்தையும் பாத்துட்டுப் போலாம்டா."

"பாக்கலாம்மா."

ஒரு செவ்வந்தி மறுபடியும் கீழே விழுந்து கிடந்தது. டெஸ்மண்ட் அதை எடுத்துப் பீரங்கிக்குள் கை எட்டும் மட்டும் தள்ளினான். உள்ளே சூடாக இருந்தது. காரிலிருந்து கொண்டுவந்த குடையை விரித்துக்கொண்டு அம்மாவின் பின்னால் போனான்.