பிரிக்காத பார்சல்

எனக்குக் கேள்வி கேட்கும் வியாதி உண்டு. தலவாக்கலையில் நான் வேலை செய்யும் போன் கடைக்கு யாராவது திரை உடைந்த போனோடு வந்தால், எப்படி உடைந்தது என்று கேட்டுவிட்டுத்தான் விலையைச் சொல்வேன். பாதிப் பேர் பொய் சொல்வார்கள். அதைக் கேட்பதிலும் எனக்கு ஒரு சந்தோஷம். "தனுஜா, ஒன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டி" என்று அம்மா சொல்லாத நாளில்லை.

அந்த அம்மாவைக் கூட்டிவரத்தான் லிந்துலையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேனில் போய்க்கொண்டிருந்தோம். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தக் காலத்தில் அங்கே போன பெரியம்மா திருச்சிப் பக்கம் இருக்கிறார். அவருடைய பேத்தியின் கல்யாணத்துக்கு அம்மா போய்விட்டு வருகிறாள். வாழ்க்கையில் முதல் விமானப் பயணம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இப்படி ஒருவரைக் கூட்டிவரப் போவதென்றால் வேன் நிறைய ஆட்கள் ஏறிவிடுவார்கள். அன்று கொழுந்து அதிகம், யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. அதனால் நாங்கள் நாலு பேர்தான்.

முன் இருக்கையில் வீரய்யா மாமா. அம்மாவின் அண்ணன், தோட்டத்தில் தொழிலாளர் சங்கத் தலைவர். அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான். தோட்டத்தை நடத்தும் தொரைமாரிடம் சிங்களத்தில் சண்டை போட்டு ஜெயிக்கக்கூடிய மனுஷன். வேனை ஓட்டியவர் ஹசன் நானா, லிந்துலை டவுனில் பலசரக்குக் கடையும் வைத்திருப்பவர். எனக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு ஜெயந்தினி அக்கா. அவளுடைய மகன் லோஜன் ஐஸ் என்கிற போதைப்பொருளில் விழுந்து, இப்போது மறுவாழ்வு முகாமில் இருக்கிறான். கொழும்பில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எங்களோடு ஏறிக்கொண்டாள்.

ஹட்டனைத் தாண்டியதும் ரேடியோவில் செய்தி வந்தது. தெற்குக் கடலில் மீன்பிடிப் படகு ஒன்றைக் கடற்படை பிடித்திருக்கிறதாம். உள்ளே மூட்டை மூட்டையாக ஐஸும் ஹெரோயினும். ஹசன் நானா சத்தத்தைக் கூட்டினார். அவ்வளவுதான், மாமாவுக்கு மேடை கிடைத்துவிட்டது.

"தூக்குல போடணும். இந்த நாட்டுல சட்டம் இருக்கு, கயிறு இருக்கு, போடத்தான் ஆளில்ல. நாலு பேரத் தொங்கவிட்டா அஞ்சாவது ஆளு கடல்ல எறங்குவானா?"

"யாரத் தலைவர் தொங்கவிடுவீங்க?" என்றார் ஹசன் நானா. "படகுல வந்த மீன்காரனத்தானே? அனுப்புனவன் எங்கயோ வெளிநாட்டுல ஏசி ரூம்ல இருந்துக்கிட்டு போன்ல பேசுறான். இந்த மீன்காரன் போனா அவனுக்கு இன்னொரு மீன்காரன். நம்ம அரசாங்கம் இந்தியாவோட, மத்த நாடுகளோட பேசி அவனத்தான் புடிச்சுக் கொண்டாரணும். அவன் சொத்த எல்லாம் பறிக்கணும்."

"அதெல்லாம் நடக்கிற காரியமா நானா? கையில மாட்டுனவன விட்டுட்டு, மாட்டாதவனத் தேடிக்கிட்டு இருக்கச் சொல்றீங்க!"

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் பட்டது. அதனாலேயே இன்னும் கிளறவேண்டும் போல இருந்தது. ஜெயந்தினி அக்காவைப் பார்த்தேன். "நீங்க என்னக்கா சொல்றீங்க?"

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "லோஜன் வீட்டுச் சாமானெல்லாம் வித்தப்ப, விக்கிறவனச் சுட்டுப்போடணும்னுதான் எனக்கும் இருந்திச்சு. அப்புறம் பாத்தா எம் மகனே இன்னும் ரெண்டு பசங்களுக்கு வித்திருக்கான். அவனையும் சுடச் சொல்லவா? வாங்குற வாய மொதல்ல மூடணும் தனுஜா. புள்ளைங்கள மீட்டுட்டா அவன் எத்தன கப்பல் கொண்டாந்தாலும் கடல்லதான் கொட்டணும்."

மாமாவுக்கு அக்காமேல் இரக்கம் உண்டு, ஆனால் விவாதத்தில் இரக்கம் காட்டும் பழக்கம் இல்லை. மீட்கிற வேகத்தைவிடக் கெடுக்கிற வேகம் அதிகம், வேரில் மருந்து அடிக்காமல் இலையைத் துடைத்து என்ன பிரயோசனம் என்று பிடித்துக்கொண்டார். கித்துல்கலையில் டீ குடிக்க இறங்கியபோதும் நிறுத்தவில்லை. பக்கத்து மேசைக்காரர்கூடத் தலையாட்டினார். வாக்கெடுப்பு வைத்திருந்தால் மாமாதான் ஜெயித்திருப்பார்.

மறுபடி வேனில் ஏறி, கட்டுநாயக்கவை நெருங்கும்போது கேட்டேன். "மாமா, தெரியாம கொண்டு வர்றவங்கள என்ன செய்றது?"

"தெரியாம எப்பிடிக் கொண்டு வருவாங்க? அதெல்லாம் கோர்ட்டுல சொல்ற கத. தூக்குறவனுக்குத் தெரியாதா கையில இருக்கிறது என்னான்னு?"

"அது சரி. அம்மா என்னெல்லாம் கொண்டு வர்றாங்களாம்?"

மாமாவின் முகம் மலர்ந்தது. சேலை, பாத்திரம், பெரியம்மா செய்த முறுக்கு என்று அடுக்கினார். "அப்புறம் ஒரு கோயிலுக்குக் குத்துவிளக்கு ஒண்ணு வருது. போன மாசம் ஹட்டன் கூட்டத்துல ஒரு பெரிய மனுஷன் வந்து பேசுனாரு. தங்கச்சி திருச்சி போறாங்களாமே தலைவரே, நம்ம ஆளு ஒருத்தர் அங்க ஒரு பார்சல் குடுப்பாரு, கொண்டாந்துருவாங்களான்னு கேட்டாரு. சாமி காரியம், முடியாதுன்னா சொல்ல முடியும்? தங்கச்சி நாகலெட்சுமிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

"பிரிச்சுப் பாத்தாங்களாமா?"

"அடுத்தவங்க பார்சலப் பிரிக்கிறதா? நம்ம அப்பிடியா பழகியிருக்கோம்?"

அது உண்மைதான். எங்கள் பக்கம் கொழும்புக்கு ஒருவர் பஸ் ஏறினால் போதும், பத்து வீட்டுப் பார்சல் கையில் வந்துவிடும். துணியில் சுற்றி ஊசியால் தைத்திருப்பார்கள். வாங்குகிறவர் என்ன என்று கேட்கமாட்டார். கேட்டால், சந்தேகப்பட்டுவிட்டார் என்று பேச்சே நின்றுபோகும். எதை எடுத்தாலும் கேள்வி கேட்கும் நானே, கையில் வாங்கிய ஒரு பார்சலைப் பற்றி இதுவரை கேட்டதில்லை.

"அந்தப் பெரிய மனுஷன் பேரு என்னா மாமா? எந்தக் கோயில்?"

மாமா போனை எடுத்து அந்த மனிதனின் நம்பரைத் தேடினார். 'ஹட்டன்' என்றுதான் பதிந்து வைத்திருந்தார்; பேரும் இல்லை, கோயிலும் இல்லை. ஹசன் நானா வேகத்தைக் குறைத்து அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க என்னா அப்பிடிப் பாக்குறீங்க? நம்ம ஆளுங்க அவரு! வேட்டி கட்டி, விபூதி பூசிக்கிட்டு வந்த மனுஷன்!" என்று மாமா கத்தினார். அம்மாவுக்குப் போன் போட்டேன்; அணைத்து வைத்திருந்தாள். விமானம் கிளம்பியிருக்கும். மாமா அந்த மனிதனை அழைத்தார். ஒரே மணியில் எடுத்துவிட்டான். தங்கச்சி வந்துவிட்டார்களா, சாமான் பத்திரமா என்று அவன் கேட்டது எனக்கே கேட்டது. மாமா தன் கேள்வியைக் கேட்காமலே "போய்க்கிட்டு இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

விமானம் நேரத்துக்கு வந்தது. திருச்சியிலிருந்து வந்தவர்கள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள், சொந்தக்காரர்களைக் கட்டிப்பிடித்தார்கள், போனார்கள். அடுத்த விமானத்துக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். அம்மா வரவில்லை. மாமா திரும்பவும் ஹட்டன்காரனை அழைத்தார். இப்போது அவன் போனும் அணைந்திருந்தது.

சுங்கத்துறைப் பெண் அதிகாரி ஒருவர் வெளியே வந்து, நாகலெட்சுமியைக் கூட்டிப்போக வந்தவர்கள் யார் என்று சிங்களத்தில் கேட்டார். நன்றாகச் சிங்களம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார். மாமாவின் கை பாதி உயர்ந்தது. பிறகு அதே கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ போ தனுஜா. ஒனக்குத்தான் நல்லா வரும்."

உள்ளே ஒரு சின்ன அறை. மேசைமேல் குத்துவிளக்கு அடிப்பாகம் கழற்றப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் கல் உப்புப் போல வெள்ளையாக ஏதோ நிரப்பிய பாக்கெட்டுகள். அம்மா கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சேலையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "சாமி விளக்குடி... சாமி விளக்குல போயி" என்றாள். அவளுக்குத் தான் மாட்டிக்கொண்டதைவிட அதுதான் தாங்கவில்லை.

கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் இருந்தார். மிரட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார். "உங்கள் அம்மா அரைகுறையாகச் சொன்னதில் எனக்கு ஒன்று விளங்கவில்லை. தெரியாத ஒருவன் தைத்த மூட்டையைக் கொடுக்கிறான். இவர் ஏன் பிரித்துப் பார்க்கவில்லை?"

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். பிரிப்பது என்றால் கொடுத்தவரைத் திருடன் என்று சொல்வது மாதிரி என்றேன். சிங்களத்தில் சொல்லும்போது அது எனக்கே விசித்திரமாக இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி, நம்புகிறேன் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிவரச் சொன்னது யார்? கேளுங்கள்."

கேட்டேன். அம்மா என்னை நேராகப் பார்த்தாள். "யாரும் சொல்லலன்னு சொல்லு. திருச்சியில அவன் குடுத்தத நானேதான் சரின்னு வாங்கிக்கிட்டேன்னு சொல்லு."

"அம்மா, அப்பிடிச் சொன்னா எல்லாமே ஒங்க தலையிலதான் விடியும்."

"சொல்றதச் சொல்லுடி."

அதிகாரி காத்திருந்தார். வழியெல்லாம் இந்த நாடு என்ன செய்யவேண்டும் என்று பேசிக்கொண்டு வந்தோம். இப்போது நாடு கண்ணாடி போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தது. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா சொன்னதைச் சொன்னால் அம்மா உள்ளே போவாள், ஹட்டன்காரன் நாளைக்கு இன்னொரு தலைவரிடம் வணக்கம் வைப்பான். அவனிடம் போக இவர்களுக்கு இருக்கும் ஒரே வழி மாமா. மாமாவைச் சொன்னாலும் அம்மாவை விடுவார்களா என்பது எனக்குத் தெரியாது. எங்களுக்குச் சோறு போட்டவர். வெளியே முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பவர். அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது.

"யாரும் சொல்லவில்லை என்கிறார் அம்மா," என்றேன் சிங்களத்தில். "அது பொய். கொண்டுவரச் சொன்னவர் என் மாமா வீரய்யா. வெளியே நிற்கிறார், நீலச் சட்டை. அவருக்கு உங்கள் மொழி நன்றாகத் தெரியும்."

வாசலில் நின்ற பெண் அதிகாரி உடனே வெளியே போனார். அம்மாவுக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். ஆனால் அண்ணன் பேர் எந்த மொழியில் வந்தாலும் அவளுக்குப் புரியாதா?

"அடிப் பாவி! எங் கூடப் பொறந்தவன்டி அவன். அவன் சொல்லு எதையாச்சும் நான் தட்டியிருக்கேனா?"

"அம்மா என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் அதிகாரி.

அதையும் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன்.