கோந்தில் நிற்காத பொம்மைகள்

அவளுக்கு அலுவலகத்தில் கோந்து என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. தண்ணீர், சாலை, வீடு, பூங்கா என்று ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாலு பிரிவையும் சேர்த்து ஒட்டி, நகரத்துக்கு ஒரே திட்டமாக ஆக்கிக் கொடுப்பது அவள் வேலை. எலியையும் பூனையையும் ஒரே பாயில் படுக்கவைக்கிற பிழைப்பு.

நடுக்கூடத்து மேசை முழுக்க அந்த நகரம் கிடந்தது. மேடு பள்ளம் பிசகாமல் செதுக்கிய பலகைமேல் அட்டை வீடுகள், சாம்பல் நாடாவில் சாலைகள், நீலத் தாளில் வாய்க்கால்கள். அவரவர் பொருளை அவரவர்தான் வைக்க வேண்டும், அடுத்தவர் பொருளில் விரல் படக்கூடாது. அது அங்கே எழுதாத சட்டம். நகமளவு மனிதப் பொம்மைகள் மட்டும் எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லை. கேட்பாரற்ற வேலையெல்லாம் யார் தலையில் விழும்? கோந்துதான் அவற்றை ஒட்டினாள்.

நிஜத் தெற்குக் குடியிருப்பில் பாதி கட்டி முடித்து ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். மீதிப் பாதியைக் கட்ட நகராட்சித் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே கீழ்த்தளத்தில்தான் அவள் தங்கை இருந்தாள், வாயும் வயிறுமாக. கோந்து ஒரு பொம்மைக்குச் சிவப்புச் சாயம் பூசி, தங்கை வீட்டு வாசலில் மற்றதைவிட அழுத்தி ஒட்டினாள். கூடப் பிறந்தவள் ஆயிற்றே.

ஒரு காலையில் பார்த்தால், தெற்கில் பொம்மை ஒன்றுகூட இல்லை. காய்ந்த கோந்துப் பொட்டுகள்தான் இருந்தன. பொம்மைகள் எல்லாம் வடக்கு மேட்டில் தோளோடு தோள் உரச, கீழே பார்த்தபடி நின்றன. சிவப்பு மட்டும் வாசலிலேயே இருந்தது.

"யார் பார்த்த வேலை இது?"

சாலைப் பிரிவுக்காரர் கையை விரித்தார். "பொம்மை எங்க பிரிவு இல்லைம்மா."

திரும்ப ஒட்டினாள். மறுநாள் திரும்ப மேட்டுக்குப் போயிருந்தன. அவளுக்கும் பிடிவாதம் வந்துவிட்டது. கையெழுத்து நாளன்று, மரத்தை ஒட்டும் கோந்து வாங்கிவந்து, ஒவ்வொன்றையும் கீழே கொண்டுவந்து கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து ஒட்டினாள். இனி எங்கே போகிறாய் பார்க்கிறேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

மத்தியானம் தங்கை கூப்பிட்டாள்.

"இங்க ஒரு கூத்து கேளுக்கா. மாடி வீட்டு டீச்சர் மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பினாங்க. ஏன்னு கேட்டா, 'தெரியல, இங்க நிக்க முடியல'ங்கறாங்க. காலைல பார்த்தா அதே மூட்டையோட திரும்பி வந்து நிக்கறாங்க. ஏன் வந்தோம்னும் தெரியலையாம். ரெண்டு மூணு நாளா தெருவே இப்படித்தான் போகுது, வருது."

"நீ கிளம்பி இங்க வாடி. இப்பவே."

"உனக்கு வேற வேலை இல்ல. எனக்கு வாசல் தாண்டவே தோணலக்கா. தரை வேற ஜில்லுனு இருக்கு, இந்த வெயில்லயும். கால் வெச்சா பாதம் பதியுது."

போனை வைத்துவிட்டு மேசை ஓரமாக மண்டியிட்டுப் பார்த்தாள். நீலத் தாள் வடக்கு மேட்டிலிருந்து இறங்கிவந்து, தெற்குக் குடியிருப்பின் விளிம்பில் வெட்டிவிட்ட மாதிரி நின்றது. பள்ளம் முழுக்க வீடுகள்.

"இது ஏன் இங்க நின்னுடுச்சு?"

"அதுக்கப்புறம் வீட்டுப் பிரிவு இடமாச்சே. நாங்க எப்படிக் கை வைக்கறது?" என்றார் தண்ணீர்க்காரர்.

"நீலத் தாள் இல்ல, காலி இடம்னு நாங்க கட்டினோம்," என்றார் வீட்டுப் பிரிவுக்காரர்.

இவன் இடம் என்று அவன் நிறுத்தினான், அவன் நிறுத்தினான் என்று இவன் கட்டினான். இருவர் திட்டத்தையும் இடைவெளி தெரியாமல் சேர்த்து ஒட்டியது அவள்.

தலைவர் வந்து பேனா மூடியைத் திருகியபோது பலகை பளபளத்தது. யாரும் எதையும் கொட்டவில்லை. தெற்குப் பள்ளத்தில் தண்ணீர் தானாகவே ஊறிக்கொண்டிருந்தது. அட்டைச் சுவர்கள் அடியில் கறுத்தன. கோந்து பாய்ந்து சிவப்புப் பொம்மையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நகத்தை அடியில் கொடுத்து நெம்பினாள். நகம் பிய்ந்தது, பொம்மையும் வந்தது. அதை மேட்டில், இந்த அலுவலகம் இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு, அழுதபடி உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு தங்கை வந்து நின்றாள். வெளியே வெயில் கொளுத்தியது. அவள் முழங்கால்வரை ஈரம்.

"தெரியலக்கா. யாரோ இடுப்பைப் பிடிச்சுத் தூக்கி வெளிய வெச்ச மாதிரி இருந்துச்சு."

கோந்து அவளைக் கட்டிக்கொண்டாள். உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

"மத்தவங்க?"

"எல்லாரும் வாசல்லயே நிக்கறாங்க. தண்ணி ஏறுது. கால் எடுக்க வரலையாம்."

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். பொம்மைகளின் இடுப்புவரை தண்ணீர் வந்திருந்தது. சாலைப் பிரிவுக்காரர் சட்டைக் கையை மடித்தார். தண்ணீர்க்காரர் குனிந்தார். வீட்டுப் பிரிவும் பூங்காப் பிரிவும் குனிந்தன. தலைவர் பேனாவைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் கையை விட்டார். அந்த மேசையில் எல்லாக் கையும் ஒன்றாக இறங்கியது அன்றைக்குத்தான்.

கோந்து ஒரு பொம்மையைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. காலையில் அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாள்.