வேற பிரீமியம்

ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இந்த வருஷத்துக்குப் பிரீமியம் கட்டவில்லை, பாலிசி போன மாதமே காலாவதியாகிவிட்டது என்றாள். சந்திரவல்லிக்குக் கோபம்கூட வரவில்லை. வேறு யாருடைய கார்டையோ பார்க்கிறாள் என்றுதான் நினைத்தாள். நம்பரை மறுபடியும் பார்க்கச் சொன்னாள். அழகுமலை, வயது நாற்பத்தாறு, போடி. எல்லாம் சரியாக இருந்தது. பிரீமியம் மட்டும் இல்லை.

காலையில் எஸ்டேட்டில் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, போடிமெட்டு வளைவொன்றில் ஜீப் சரிந்து அவள் புருஷனுக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. கம்பி வைக்க வேண்டும், ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்றார்கள். அப்போதுகூட அவள் பதறவில்லை. கார்டு பையில் இருந்தது. மூன்று வருஷமாக அவள் பணத்தைத் தம்பி பிரதீப்பிடம் கொடுப்பாள். அவன் செல்போனிலேயே கட்டிவிடுவான். இந்த மே மாதமும் பத்தொன்பதாயிரம் கொடுத்தாள். பிரீமியம் கட்டியாச்சு என்று அவன் இரண்டாம் நாள் சொன்னது நன்றாக நினைவிருந்தது.

அந்தச் சொல்லே அவளுக்குப் பிடிபட்டதில்லை. ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குகிறவள் அவள். பருத்த பச்சைக் காயாகச் சேர்ந்துவிட்டால், இந்தச் சரக்குக்குப் பிரீமியம் கிடைக்கும் என்பார் முதலாளி. அங்கே அது விலைக்கு மேல் வருகிற காசு. இன்சூரன்சிலோ கையைவிட்டுப் போகிற காசு. ஒன்றும் ஆகாவிட்டால் அந்தக் காசு என்ன ஆகும் என்று ஒருமுறை அழகுமலையிடம் கேட்டாள். திரும்ப வராது, வராமல் இருக்கிறவரைக்கும் நமக்கு நல்லது என்றார். தொலையட்டும் என்று ஆசைப்பட்டு யாராவது காசு கட்டுவார்களா? அன்றைக்கு அவள் சிரித்துவிட்டாள்.

வேலை பார்க்கும் செல்போன் கடையில் இருந்து பிரதீப் ஓடிவந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. மாடிப்படி ஓரமாக அழைத்துப்போனான்.

"கட்டிட்டேன்னுதானடா சொன்ன?"

"பிரீமியம்தான்க்கா கட்டுனேன். அது வேற பிரீமியம்."

ஷேர் மார்க்கெட் என்றான். ஒரு பங்கு விலை ஏறும் என்று தோன்றினால், முழு விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இன்ன தேதிக்குள் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமைக்கு மட்டும் ஒரு தொகை கட்டினால் போதும். அதற்கும் பெயர் பிரீமியம். ஏறினால் பல மடங்கு வரும். ஏறாவிட்டால் தேதியோடு போய்விடும். போன வருஷமும் அவள் பணத்தை அப்படித்தான் போட்டானாம். நாலே நாளில் லாபம் வந்து, இன்சூரன்சையும் கட்டி, மிச்சத்தில் அவளுக்கு மிக்சி வாங்கித் தந்தானாம். இந்தத் தடவை ஏறவில்லை. சம்பளத்தில் கட்டிவிடலாம் என்று இருந்திருக்கிறான். அதற்குள் கெடு முடிந்துவிட்டது.

"அந்தக் காசு இப்ப யாருட்ட இருக்கு?"

"எனக்கு வித்தவன்ட்ட. அவனுக்கு அது வரவுக்கா."

"அவன் யாரு?"

"தெரியாதுக்கா."

எங்கேயோ முகம் தெரியாத ஒருவன், முதலாளியைப் போலவே, பிரீமியம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருப்பான். தம்பி சொன்னது பொய் என்றால் அந்தப் பொய் எந்த இடத்தில் இருக்கிறது? கட்டினேன் என்றான், கட்டித்தான் இருக்கிறான். போன வருஷத்து மிக்சியில் அவள் தினமும் சட்னி அரைக்கிறாள். திட்ட வாயெடுத்தாள். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வார்டுக்குள் அழகுமலை மயக்கத்தோடு கண் திறந்தார். "பிரதீப்பு வந்துட்டானா? இந்தச் சோலியெல்லாம் அவனுக்குத்தான் தெரியும்."

"வந்துட்டான். நீங்க பேசாமப் படுங்க."

வெளியே வந்தபோது மாடிப்படி ஓரத்தில் பிரதீப்பைக் காணவில்லை. கேட்டுக்கு அருகே தன் பைக்கை நிறுத்தி, அதை வாங்க வந்த ஆளோடு நின்றிருந்தான். ஐம்பத்தைந்தாயிரத்துக்குப் பேசியிருப்பதாகச் சொன்னான். மீதி ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு இனிமேல்தான் வழி பார்க்க வேண்டும். விற்பனைத் தாளை பைக் சீட்டின்மேல் விரித்திருந்தார்கள். மலைப்பக்கம் இருந்து அடித்த ஆடிக் காற்றில் தாள் படபடவென்று எழும்பியது. ஒரு கையில் பேனாவோடு, இன்னொரு கையால் அவன் அதை அமுக்கப் பார்த்தான்; மறுமுனை கிளம்பியது. சந்திரவல்லி அருகே போய், அந்த முனையில் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.