சத்தமில்லாத வண்டி

அருள்ஜோசப்பின் லேண்ட்மாஸ்டர் டாக்ஸிக்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிடும். என்ஜினுக்குள் டைமிங் செயின் தேய்ந்து தொளதொளத்துப் போயிருந்தது. டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கடகடவென்று ஒரே ரகளை. "உன் வண்டியில ஹாரன் தவிர எல்லாமே சத்தம் போடுது" என்று ஓசூர் பஸ் நிலையத்து டிரைவர்கள் அவனைக் கிண்டல் செய்யாத நாளில்லை.

அவன் மனைவி லூர்தம்மாளுக்கு மட்டும் அந்தச் சத்தத்தின் மேல் ஒரு குறையும் கிடையாது. மத்திகிரிச் சாலையில் கேழ்வரகுக் கொல்லைத் திருப்பத்தில் வண்டி வரும்போதே அவள் காதுக்கு எட்டிவிடும். அவன் வந்து இறங்குவதற்குள் கதவுக் கொண்டியை எடுத்துவிட்டு, அடுப்பில் காப்பித் தண்ணீரும் வைத்திருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் தன் வீட்டுக் கதவைத் தட்டியதே இல்லை.

அவளுக்கு இருதயத்தில் கோளாறு என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு கட்டிலே கதியென்று ஆகிவிட்டது. திடீர் திடீரென்று மூச்சு முட்டும். அவன் சவாரிக்குப் போன நேரத்தில் பக்கத்து வீட்டு நாராயணம்மாதான் ஓடிவந்து முதுகைத் தடவிக் கொடுப்பாள். "அவர் வண்டிச் சத்தம் காதுல விழுந்துட்டா எனக்குப் பாதி மூச்சு வந்துரும்" என்பாள் லூர்தம்மாள். அது வாய்ப்பேச்சு இல்லை. அப்படித்தான் வந்துகொண்டும் இருந்தது.

திங்கட்கிழமை அவளை ஆபரேஷனுக்குக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். பஸ் நெரிசலை அவள் தாங்கமாட்டாள். டாக்ஸியிலோ எந்நேரமும் செயின் அறுந்துபோகலாம். பெங்களூர் போகிற வழியில் அத்திப்பள்ளிக்கு அப்பால் நடுரோட்டில் நின்றுவிட்டால் அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த நினைப்பிலேயே அருள்ஜோசப்புக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் விட்டால் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிப்பார்கள். பெங்களூரில் புதுச் செயின் வாங்கிவந்து, சனிக்கிழமை காலையில் வீட்டு முற்றத்திலேயே வண்டியைப் பிரித்துவிட்டான்.

ஜன்னலோரம் தலையணையில் சாய்ந்து லூர்தம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேடியேட்டர் இறங்கியது. புல்லி நட்டு லேசில் அசையவில்லை. ஸ்பேனரை மாட்டிச் சுத்தியலால் நாலு போடு போட்ட பிறகுதான் இளகிக் கொடுத்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே மேலும் கீழுமாக இரண்டு பல்சக்கரம், அவற்றைச் சுற்றிப் பழைய செயின்.

"அது என்னாங்க, சக்கரத்துல புள்ளி?"

"மேல்சக்கரத்துப் புள்ளியும் கீழ்ச்சக்கரத்துப் புள்ளியும் ஒண்ணையொண்ணு பாத்துக்கினு நிக்கணும். ஒரு பல்லு தள்ளிப்போனாலும் வண்டி ஒழுங்கா ஓடாது."

"நம்மளாட்டந்தான். நீங்க மொறச்சுக்கினு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா, இந்த வீடு ஓடுதா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. நோயாளியின் வாய்க்கு மட்டும் நோய் வரவில்லை.

புள்ளிக்குப் புள்ளி சேர்த்து, புதுச் செயினை மாட்டி, எல்லாவற்றையும் பூட்டி முடிக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. வண்டியைக் கிளப்பினான்.

"எழும்பலையா?" என்று ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"ஓடிக்கினு இருக்குதுடி!"

அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். முகம் லேசாக வாடியது. "அப்ப நீங்க வர்றது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கொல்லைத் திருப்பத்துலயே ஹாரன் அடிக்கிறேன், போதுமா?"

"மறந்துராதீங்க."

அன்று ராத்திரி அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் கண்ணயர்ந்தாள். ஈரக்காற்று படாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு, நாராயணம்மாவைத் துணைக்கு உட்காரச் சொல்லிவிட்டு, பெட்ரோல் போடவும் வண்டியைப் பரீட்சை பார்க்கவும் கிளம்பினான். மேட்டில் ஏற்றிப் பார்த்தான், விரட்டிப் பார்த்தான். வெண்ணெயாய் ஓடியது. நாளைக்கு அவளை ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம்.

திரும்பும்போது கொல்லைத் திருப்பத்தில் கை ஹாரனுக்குப் போனது. பாவம், இப்போதுதானே தூங்கினாள், எழுப்புவானேன் என்று நினைத்தான். கையை எடுத்துக்கொண்டான். முற்றத்துக்குள் கொண்டுபோனால்கூட விழித்துக்கொள்வாளென்று வேலிக்கு வெளியே புளியமரத்தடியில் நிறுத்தினான். என்ஜினை அணைக்காமலே பானெட்டைத் தூக்கி, எங்கேயாவது ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, தன் கைவேலை சத்தமில்லாமல் ஓடுவதை நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அப்படியொரு பெருமை அவனுக்கு.

நாராயணம்மா தலைவிரிகோலமாக வெளியே ஓடிவந்து சாலையைப் பார்த்தாள். மரத்தடியில் அவனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்பண்ணா வந்தீங்க?"

"இப்பத்தான், ஒரு பீடி நேரம்…"

"ஐயோ அண்ணா! நீங்க அந்தாண்ட போனதுமே அக்காவுக்கு மூச்சு முட்டிருச்சு. வண்டி வருதா பாரு, வண்டி வருதா பாருன்னு கேட்டுக்கினே இருந்தாங்க. நானும் காதைக் குடுத்துக் கேட்டுட்டு, இன்னும் வரல அக்கா, இன்னும் வரல அக்கான்னே சொல்லிக்கினு இருந்தேன். இங்கியேவா நின்னுக்கினு இருந்தீங்க?"

அவன் ஓடினான். லூர்தம்மாளின் முகம் சாத்திய ஜன்னலின் பக்கம் திரும்பியிருந்தது. கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான், உலுக்கிப் பார்த்தான். ஹாரனிலிருந்து எடுத்துக்கொண்ட தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

பெங்களூரில் சேர்க்க வேண்டிய திங்கட்கிழமையில் அவளைக் கல்லறைத் தோட்டத்தில் சேர்த்தார்கள். உறவுக்காரர்கள் சொல்லிக்கொண்டு போன பிறகு, அருள்ஜோசப் வண்டியை எடுத்துக்கொண்டு கொல்லைத் திருப்பம் வரை போனான். அங்கிருந்து வீடு வரைக்கும் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவேயில்லை. தெருவே வெளியில் வந்து நின்றது. நாராயணம்மாதான் ஓடிவந்து, கார் ஜன்னலுக்குள் கையை விட்டு அவன் தோளைத் தொட்டாள்.

"போதும்ண்ணா."

இறங்கி வாசலுக்கு நடந்தான். கதவு வெளியே கொண்டி போட்டுக் கிடந்தது. அவனே அதை எடுத்துவிட்டு உள்ளே போனான்.