வடக்குக் குடாவுக்கு ஒரு பங்கு

எவரிஸ்தோவின் படகு திரும்பாத மறுநாள் காலை, சிலி நாட்டின் சிலோயே தீவில் எங்கள் படகுத்துறையின் தேடுதல் அறையில் யஸ்னா கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காணாமற்போனவர் எங்கே இருக்கக்கூடும் என்று கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும் நிரல் அது. வாய்ப்பு மிகுந்த கட்டம் கருநீலமாகும். தேடிப்போய் ஆள் இல்லையென்றால் அது வெளிறும், மற்றவை கறுக்கும். ஒன்றும் கிடைக்காததும் அதற்கு ஒரு செய்திதான்.

தெற்கே போன படகுகள் வெறுங்கையோடு திரும்பின. பிறகு எவரிஸ்தோவின் துடுப்பு மிதந்து வந்தது, வடக்கிலிருந்து வரும் நீரோட்டத்தில். அப்போதும் வடக்குக் குடா மட்டும் வெள்ளையாகவே இருந்தது. தெற்கிலிருந்தே துடுப்பு எப்படியோ சுற்றி வந்திருக்கும் என்றது நிரல்.

யஸ்னாவுக்கு வியப்பாக இருந்தது. பக்கத்தில் நின்ற எவரிஸ்தோவின் மனைவியிடம் திரும்பினாள்.

"ஒத்திலியாக்கா, வடக்கைப் பத்தி நேத்து என்ன சொன்னீங்க?"

"அங்க அவரோட அண்ணன் ஆர்தேமியோ இருக்கான். நிலத் தகராறு. செத்தாலும் அந்தப் பக்கம் போகமாட்டாரு. இல்லவே இல்லைன்னு போடச் சொன்னேன்."

"அப்படியே பூஜ்யம்னு போட்டுட்டேன். அதான் வினை. பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் பூஜ்யம்தானேக்கா? இனி துடுப்பு வந்து சாட்சி சொன்னாலும் இது நம்பாது."

"உன் மெஷினுக்கு என் புருஷனைத் தெரியுமாடி?"

"நீங்க சொன்ன அளவுக்குத்தான் தெரியும். நூத்துல ஒரு பங்கு வாய்ப்புன்னு போடட்டுமா? அவ்வளவுகூட மனசு இளகாத ஆளா அவரு?"

ஒத்திலியா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். அந்த ஒன்றைக் கொடுப்பது அவளுக்கு எளிதாக இல்லை.

"போட்டுத் தொலை."

யஸ்னா எண்ணை மாற்றினாள். துடுப்பும் வெறுமையான தெற்கும் சேர்ந்து வடக்குக் குடாவைக் கருநீலமாக்கின. உடனே படகு புறப்பட்டது.

மதியம் அந்தப் படகின் ரேடியோவிலிருந்து எவரிஸ்தோவின் குரல் வந்தது. "பாறையில மோதிப் படகு போச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன். அண்ணனுக்குத்தான் காய்ச்சல் கொதிக்குது, டாக்டரை அனுப்புங்க."

"அங்க எதுக்குய்யா போனே?" என்று கத்தினாள் ஒத்திலியா.

"கடல்லேருந்து பார்த்தேன். இந்தக் குளிர்ல அவன் கூரையில புகையே இல்ல. எப்படிப் போகாம இருக்கிறது?"

எந்த மனிதரிடமும் அன்புக்கு இடமே இல்லையென்று ஆண்டவர் எழுதிவைப்பதில்லை. நாம்தான் எழுதிவிடுகிறோம்.

ஒத்திலியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டர் படகுல எனக்கும் இடம் சொல்லு யஸ்னா. கோழிச்சாறு வச்சு எடுத்துட்டு வந்துடறேன்."

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அவரோட அண்ணனுக்கு உப்புத் தூக்கலா இருக்கணுமா, கம்மியா இருக்கணுமா? மறந்தே போச்சு. அவரைக் கேட்டுச் சொல்லேன்."