மூன்று இரவு விதியும் லோகேஸ்வரியின் விருந்தாளிகளும்

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் லோகேஸ்வரியின் வீட்டில் தங்கிவிட்டுப் போகிறவர்கள், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் விமானம் ஏறி, அது மேலே எழும்பியதும், பெட்டியும் கையுமாக அவள் வாசலிலேயே வந்து நின்றார்கள். அவர்களுடைய இருக்கை மட்டும் ஊர் போய்ச் சேர்ந்தது. இதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. அவள் கணவர் தயாளன் ஒருநாள் அவசரத்தில் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். நம்மவர்கள் வாசலில் சொல்லக் கூடாத சொல். ஜெலுத்தோங் சாலை விபத்தில் போனவர் போனவர்தான். பிறகு மாடி அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்ட லோகேஸ்வரி, யாராக இருந்தாலும் "போயிட்டு வர்றேன்" என்று சொன்னால்தான் கேட்டைத் திறந்தாள். வெள்ளைக்காரர்களும் நாக்கு சுளுக்க அதைச் சொன்னார்கள். சொன்ன சொல் அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது.

ஓராண்டில் வீடு நிரம்பி வழிந்தது. டென்மார்க் தாதி இங்கிரிட் மாடிப்படியில் படுத்தாள். கொரியத் தம்பதி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. லோகேஸ்வரிக்கு இந்த இரைச்சல் பிடித்திருந்தது. அடுத்த வீட்டு நாச்சியப்பனுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"பெட்டி உருட்டுற சத்தம் தாங்கலைலா, லோகா. இது வீடா, ஏர்போர்ட்டா?"

அவரைப் போலவே பல தெருக்காரர்கள் புகார் செய்யவே, நகர மன்றம் விதி போட்டது. குடியிருப்புத் தெருவில் நாள் வாடகைக்கு விட அண்டை வீட்டார் சம்மதம் வேண்டும்; ஒருவர் இடையில் ஊரை விட்டுக் கிளம்பாமல் தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் தங்கக் கூடாது. விசாரிக்க வந்த அதிகாரி நூருல், தமிழர்களோடு ஒரே ஃபிளாட்டில் வளர்ந்தவள். தேநீர் குடித்தபடியே எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள்.

"அவங்க 'போறேன்'னு சொல்லிட்டுப் போகட்டும் அக்கா. இல்லாட்டி பெர்மிட் தர முடியாதுலா."

அந்தச் சொல்லை இன்னொரு முறை அந்த வாசலில் கேட்க லோகேஸ்வரிக்குத் தெம்பில்லை. பெர்மிட் போனாலோ ஆளில்லாத வீடு. பாவம், எந்தப் பக்கம் போனாலும் இடிதான்.

அந்த வாரமே இங்கிரிட்டின் மகள் போனில் அழுதாள். மொழி புரியவில்லை, அழுகை புரிந்தது. லோகேஸ்வரி தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கிரிட்டை வாசலுக்கு அழைத்து வந்தாள்.

"சொல்லிடும்மா. உன் மக வாசலைப் பாத்துக்கிட்டே இருக்கா. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

இங்கிரிட் சொன்னாள். லோகேஸ்வரி கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் தாயும் மகளும் சேர்ந்து நிற்கும் படம் வந்தது. பிறகு ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஸ்காட்லாந்துக்காரர் மால்கம் மட்டும் சொல்ல மறுத்தார். தன்னைத் தேட அங்கே யாருமில்லை என்றார். நூருல் அண்டை வீட்டாரிடம் கேட்டாள். தினமும் சாயங்காலம் மால்கமோடு கேரம் ஆடிப் பழகிவிட்ட நாச்சியப்பன், வேறெங்கோ பார்த்தபடி சம்மதித்தார்.

அன்றிலிருந்து மால்கம் மூன்று இரவுக்கு ஒருமுறை "போயிட்டு வர்றேன்" என்று சொல்லி, பஸ் பிடித்து, பக்கத்துத் தீவான லங்காவிக்கு விமானம் ஏறி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறார். விதி மீறப்படவில்லை, பெர்மிட்டும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. சில நாள் விமானம் தாமதமாகும். அப்போது நாச்சியப்பன்தான் கேட்டருகே வந்து நின்றுகொண்டு தெருமுனையையே பார்ப்பார்.

"வந்துடுவாருண்ணே," என்பாள் லோகேஸ்வரி. "சொல்லிட்டுத்தான் போயிருக்காரு."