மயில்நிறச் சேலையில் சிவப்பு நூல்

அக்கா செத்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை எனக்கு விமானம். அதுவரை வாயையும் மூஞ்சியையும் அடக்கிக்கொண்டு பெட்டியைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் எந்தக் காரியம் அவ்வளவுதான் என்று முடிந்திருக்கிறது?

நாங்கள் சலவைக்கடைக்காரர்கள். முன்னறை கடை, பின்னறை வீடு. அக்கா போன நாட்டிலும் அவளுக்கு அதே வேலைதான், ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில். வேலைக்குப் போன பஸ் கவிழ்ந்துவிட்டது. உள்ளே பதினோரு பெண்கள், பதினோரு பேருக்கும் ஒரே சீருடை. யார் யாரென்று பார்த்துச் சொல்ல ரத்த உறவு ஒருத்தர் நேரில் வந்தாக வேண்டுமாம். அம்மாவுக்கு ஆறு மாதம் முன்னால்தான் நெஞ்சைத் திறந்து மூடினார்கள். அதிர்ச்சி கூடவே கூடாது என்று டாக்டர் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறார். அதனால், "அக்கா கூப்பிட்டிருக்கா, பத்து நாள் இருந்துட்டு வரேன்" என்று புளுகினேன். எனக்குப் புளுகுவது தண்ணி பட்ட பாடு. இந்தத் தடவை மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

புளுகிய பாவத்துக்கு உடனே அனுபவித்தேன். அம்மா அக்காவுக்காகச் சாமான் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். மூட்டுவலித் தைலம், கம்பளிக் காலுறை, மூடி இறுகிய எண்ணெய்ப் புட்டி. "அவளுக்குக் குளிர் ஆகாதுடி, இதையும் வை." நான் சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பேன். பிறகு பெட்டியைக் கடைத் தராசில் தொங்கவிட்டு, "இருபத்திரண்டு கிலோ ஆயிடுச்சும்மா, போதும்" என்று எரிந்து விழுவேன். கோபமாக இருந்தால் அழுகை வராது. அது என் வழி.

திங்கட்கிழமை ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைக்கு வரும் துணி எல்லாவற்றிலும் உள்ஓரத்தில் இரண்டு தையல் போடுவோம். வீட்டுக்கு ஒரு நிறம், ஆளுக்கு ஒரு நிறம். அதைப் பார்த்துத்தான் யார் துணி யாருக்கு என்று பிரிப்பது. எங்கள் வீட்டில் அக்காவுக்குச் சிவப்பு, எனக்கு நீலம், அம்மாவுக்கு வெள்ளை. யாராவது இறந்துபோனால் அவர்கள் துணி கடைசியாக ஒருமுறை வெளுக்க வரும். வெளுத்து மடிக்கும்போது நூலைப் பிரித்துவிடுவோம். திருப்பிக் கொடுக்க ஆள் இல்லையே.

அன்றைக்கு அக்காவின் பழைய துணிகளை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கை பாட்டுக்குக் கத்தரியை எடுத்து நூலைப் பிரித்துவிட்டது. ஐந்தாவது துணியில்தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. அடிப்பாவி, உன் கூடப்பிறந்தவளை நீயே அனுப்பி வைக்கிறாயா? வேகமாக மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, நீராவிச் சத்தத்தில் கேட்காதபடி அழுதேன்.

மறுநாள் ஆரம்பித்தது. மதியம் துணி கொடுக்கப் போய்விட்டு நாலு மணிக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். மேலே இருந்த என் மயில்நிறச் சேலையின் ஓரத்தில், என் நீல நூலுக்குப் பக்கத்தில், சிவப்பு நூல். இரண்டு தையல்.

இது அக்காவின் திருட்டுத்தனம். சின்ன வயதிலிருந்து என் நல்ல துணியில் சிவப்பு நூலைப் போட்டுவிட்டு, "நூலைப் பாருடி குட்டை, இது என்னோடது" என்று கட்டிக்கொண்டு போவாள். இந்தச் சேலைக்காக இரண்டு வருடம் முன்னால், அவள் கிளம்பின அன்றுகூடச் சண்டை. "ஒரு தடவை கொடுடி, முதல் நாள் வேலைக்குக் கட்டிக்கிறேன்" என்று கெஞ்சினாள். "என் நூல் அதுல இருக்கற வரைக்கும் அது என்னோடது" என்று பிடுங்கி வைத்தேன். நேரில் நான் அவளிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். இப்போதும், நல்ல சேலை எடுக்காமல் கிளம்பினால் அம்மா சந்தேகப்படுவாளே என்றுதான் அதைப் பெட்டியில் வைத்திருந்தேன்.

சுவரில் தொங்கும் ஊசிமெத்தையைப் பார்த்தேன். அக்கா போனதிலிருந்து யாரும் தொடாத சிவப்பு நூல் கோத்த ஊசி அங்கேயே இருந்தது. நூல் ஒரு சாண் குறைந்திருந்தது.

அம்மாவாக இருக்காது. அம்மாவின் கண்ணில் புரை. அவளால் ஊசி கோக்க முடியாது. திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் சாமான் தருவதைக்கூட நிறுத்திவிட்டாள். அப்பாடா, விட்டது தொல்லை என்று இருந்தேன். சிவப்பு நூலைப் பிரித்தெடுத்தேன். புதன்கிழமை நாலு மணிக்கு மறுபடியும் இருந்தது. "போனவ போனதோட இருக்க வேண்டியதுதானே! நான்தான் வரேனே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று பெட்டியைப் பார்த்துக் கத்திவிட்டேன். ஆள் இல்லாத அறையில் என் குரல் எனக்கே பயமாக இருந்தது. தன் துணியில் நூலைப் பிரித்ததற்கு அக்கா கோபித்துக்கொண்டாள் என்றே நினைத்தேன். அன்றைக்கும் பிரித்தேன்.

வியாழக்கிழமை மதியம் ஒரு மூட்டையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். பின்னறையில் பெட்டி திறந்து கிடந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து, சேலையை மூக்கு தொடும் அளவுக்குக் கிட்டத்தில் வைத்து, விரலால் தடவித் தடவித் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயா? ரெண்டு நாளா என்னைப் பைத்தியம் ஆக்கினது நீயா?"

"கத்தாதேடி. கையில குத்திக்கப் போறேன்."

"உனக்கு ஊசி கோக்கவே கண்ணு தெரியாதே!"

"கோத்தேதானே இருக்கு. ரெண்டு வருஷமா."

"எதுக்கும்மா இந்த வேலை?"

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "திங்கக்கிழமை அவ ஞாபகமா இருந்துச்சு. அவ துணியை எடுத்து மோந்து பார்க்கலாம்னு அலமாரியைத் திறந்தேன். ஓரத்தைத் தடவினேன். அஞ்சு துணியில நூல் இல்ல." ஊசியைச் சேலையில் குத்தி நிறுத்தினாள். "உயிரோட இருக்கறவ துணியில நீ நூலைப் பிரிப்பியா?"

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்படிடி?" என்று கேட்டாள்.

சொன்னேன். பஸ், பதினோரு பேர், ஒரே சீருடை, நான் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. சேலையைப் பிடித்துக்கொண்டாள். என் பொய்யால் இந்த மூன்று நாளும் அவள் தனியாக அழுதிருக்கிறாள். அதை நினைத்தபோது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"அவ எடுத்துட்டுப் போனதெல்லாம் உழைக்கிற துணிடி," என்றாள் அம்மா. "கடைசியா உடுத்திவிட நல்லதா ஒண்ணு வேணாமா? அவளுக்கு ஆசை இது மேலதான். நான் நூல் போடப் போட நீ பிரிச்சுட்டே இருக்கே. இந்த ஒரு தடவை விட்டுக்கொடேன்."

ஊசியை அவள் கையிலிருந்து வாங்கினேன். இரண்டு தையல் போதும். நான் நான்கு போட்டேன், எவளும் பிரிக்க முடியாதபடி முடிச்சும் போட்டேன். என் நீல நூலை எடுக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், சண்டை போட்டுக்கொண்டாவது.

அம்மா ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடையில் துணி பிரிக்கும்போது பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

"பதினொண்ணும் ஒரே மாதிரின்னா கலந்துடும்டி. அவசரத்துல எதையாவது கொடுத்து அனுப்பிடுவாங்க. நாமளே எத்தனை தடவை மாத்திக் கொடுத்திருக்கோம். உள்பாவாடையில நாடா நுழையற இடத்தைத் திருப்பிப் பாரு. எல்லாத்துலயும் நான்தான் தைச்சு அனுப்பினேன். சிவப்பு இருந்தா நம்மளுது. பார்க்காம வாங்கிடாதே."

"பார்த்து வாங்கிட்டு வரேம்மா," என்றேன்.